மைக்கக்காவின் ஏழு நாள் கோபம்

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பெயர் மைக்கக்கா. டிரைவர், கண்டக்டர் முதல் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்குள் கசங்காமல் பத்திரமாக இருந்தது. முதல் நடைமேடைக்கு எதிரே இருந்த கண்ணாடி அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது புறப்பட்டுவிட்டது, எது இன்று வரவே போவதில்லை என்பதை இருபத்து நான்கு வருஷமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வகைச் செய்தியில்தான் அவள் கெட்டிக்காரி. துறைமுகம் போகிற வண்டி ரத்து என்று அவள் குரலில் கேட்டால், திட்டுவதற்காக வாயைத் திறந்தவர்கள்கூட யாரோ ஆறுதல் சொல்லிவிட்டதுபோலத் தண்ணீர் குடித்துவிட்டு வேறு வண்டி தேடப் போவார்கள்.

வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. குடும்பத்தில் ஒரு விஷயம் அவள் காதில் விழுந்தால், அன்று சாயங்காலத்துக்குள் எல்லார் காதிலும் விழுந்துவிடும். ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்று சொல்லப்பட்டதையும் சொல்வாள். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள் என்ற தகவலையும் கூடவே சேர்த்துச் சொல்வாள். துளிகூடக் கெட்ட எண்ணம் கிடையாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் வேண்டியவர்களுக்கு நேரத்தோடு தெரிய வேண்டாமா என்பது அவள் கட்சி.

கொழுந்தனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது இருபத்திரண்டு பேருக்குப் போன் போட்டாள். எந்த மாடி, எந்தக் கட்டில், எந்தப் பக்கம் தையல், எந்த வாசலில் நுழைந்தால் காவலாளி கேள்வி கேட்கமாட்டார் என்பதுவரை அறிவித்தாள். இருபத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள். அதில் மூன்று பேர் தையலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கொழுந்தன் வீடு திரும்பியதும் அவளிடம் கேட்டான்:

“அண்ணி, இத்தன பேருக்கா சொல்லுவீங்க?”

“ஏன், உம்மேல அக்கறை இருக்கறவங்கதானே வந்தாங்க?”

“சரி, அக்கறை. எதுத்த வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக் எதுக்கு வந்தாரு?”

“அவருக்குப் போன் போடல. பேசிட்டிருக்கும்போது கேட்டுடுச்சு.”

அதன் பிறகு வருஷக்கணக்கில், அவளைக் கண்டால் அவன் கை தானாகச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் குரல்நாணில் கட்டி வந்தது.

முதலில் ஒரு கரகரப்பு. பிறகு நீளமான ஊர்ப்பெயர்களில் குரல் பாதியிலேயே நின்று, மறுபடி கிளம்பியது. டாக்டர் மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் விட்டுத் திரையில் காட்டினார். மிளகில் பாதிகூட இல்லை. இத்தனை சின்ன விஷயமா இருபத்து நான்கு வருஷத்தை மிரட்டுகிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

“பயப்படற கட்டி இல்ல. ரொம்பப் பேசறவங்களுக்கு வர்றது. இருபது நிமிஷ ஆபரேஷன், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம். ஆனா அதுக்கப்புறம் ஏழு நாள் பேசவே கூடாது.”

“மெதுவா?”

“மெதுவாவும்.”

“கிசுகிசுன்னு?”

“அது இன்னும் மோசம்.”

“தும்மல்?”

“தானா வந்தா தும்முங்க.”

“சிரிப்பு?”

“புன்னகையோட நிறுத்திக்குங்க.”

“தப்பித்தவறிப் பேசிட்டா?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “புண்ணு சரியா ஆறாம தழும்பாயிடலாம். இந்தக் கரகரப்பு அப்படியே தங்கிடும். வீட்டுல பேசறதுக்கு அந்தக் குரல் போதும்மா. மைக்குக்குப் போதாது.”

மைக்குக்குப் போதாத குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிலையத்தின் பீரோவில், பதிவு செய்த குரலை ஒலிபரப்பும் ஒரு இயந்திரம் இரண்டு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகம் ஆசைப்பட்டு வாங்கியது. கூடவே வந்த குரலுக்கு அவள் ‘தகரப் பொண்ணு’ என்று பெயர் வைத்தாள். பயணிகளும் புகார் எழுதினார்கள். அது பீரோவுக்குப் போனது. தன் குரல் திரும்பி வராவிட்டால் பீரோ திறக்கும்.

வீட்டில் சொல்வதில்லை என்று டாக்டர் அறையிலிருந்து வெளியே வரும்போதே முடிவு செய்துவிட்டாள். சொன்னால் நாத்தனார் தலைமையில் குறைந்தது இருபத்திரண்டு பேர் வருவார்கள். வருகிற ஒவ்வொருவரும் ‘எப்படி இருக்கே?’ என்று கேட்பார்கள். வாய் திறக்கக் கூடாதவளுக்கு அதைவிட ஆபத்து வேறு இல்லை. இது வெளிக் காரணம். உள்ளே ஒன்று இருந்தது. குரல் போய்விட்டால், போனதைப் பற்றி எல்லோரும் பேசுவதை அவள் பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அவள் எத்தனையோ முறை செய்ததுதான். தனக்கு வரும்போது அது வேறு மாதிரி இருந்தது.

கணவரிடமாவது சொல்லலாமே என்றால், அவர் பொய் சொல்லத் தெரியாதவர். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. மயிரிழை பிசகினாலும் மறுபடி தேய்க்கிற மனிதர், தங்கை ‘வீட்ல என்ன விசேஷம்?’ என்று ஒரு தடவை கேட்டால் கொட்டிவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அவர் தன்னைப் போலத்தான் என்று மைக்கக்கா இருபத்தேழு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

வேலை இடத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் மேலாளர். மற்றவள், வண்டிகள் வந்துபோகும் நேரத்தை எழுதுகிற டைம்கீப்பர்; அவசியம் இல்லாமல் ஒரு சொல்லைக்கூடச் செலவழிக்காத ஒல்லியான பெண். மேலாளர் கெஞ்சும் குரலில் ஒரு யோசனை சொன்னார். மைக்கக்கா மூன்று மாலை உட்கார்ந்து, நாள் தவறாமல் ஓடுகிற வண்டிகளுக்கான நூற்று நாற்பது அறிவிப்புகளையும் தன் குரலிலேயே பதிவு செய்து அந்த இயந்திரத்துக்குள் போட்டாள். தகரப் பொண்ணு என்று எதைக் கேலி செய்தாளோ, அதற்குத் தானே குரல் கொடுத்தாள். தாமதம், ரத்து போன்ற எதிர்பாராத சங்கதிகளை டைம்கீப்பர் சொல்வதாக ஏற்பாடு.

மிச்சம் இருந்தது வீடு. தொண்டை வலி என்று சொன்னால் ஆளுக்கொரு வைத்தியத்தோடு வந்து, வாயைத் திற, பார்க்கலாம் என்று டார்ச் அடிப்பார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒருவர் பேசாமல் இருப்பதற்குக் கௌரவமான காரணம் ஒன்று உண்டு: கோபம். கோபக்காரர்களுக்கு யாரும் டார்ச் அடிப்பதில்லை. ஏன் பேசவில்லை என்று அவர்களையே கேட்பதும் இல்லை. இரண்டடி தள்ளி நின்று மற்றவர்களைக் கேட்பார்கள்.

கோபித்துக்கொள்ள ஒரு சண்டை வேண்டும். கண்ணாடிக்காரரான கணவரோடு சண்டை போடுவது தண்ணீரில் ஆணி அடிக்கிற வேலை.

திங்கட்கிழமை, “ஈரத் துண்டைக் கட்டில்மேல போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?” என்றாள். “அட, ஆமா” என்று எடுத்துக் காயப்போட்டார். அது அவளுடைய துண்டு. அதைக்கூட அவர் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருடைய தங்கையை இழுத்தாள். “உங்க தங்கச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம்.”

“கொஞ்சமா? அம்பது வருஷமா கேக்கறவன் நானு. என்னைக் கேளு, சொல்றேன்.”

புதன்கிழமை, தொலைக்காட்சியில் அவர் நாற்காலி நுனிக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தைக் கடைசி நிமிஷத்தில் மாற்றினாள். “பரவால்ல, யாரு ஜெயிச்சாங்கன்னு காலைல பேப்பர்ல போட்டுடுவான்” என்று எழுந்து பல் தேய்க்கப் போனார். இவ்வளவு நல்லவரைக் கட்டிக்கொண்டது எத்தனை பெரிய இடைஞ்சல் என்பது முதல்முறையாக அவளுக்கு உறைத்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆபரேஷன். ஏழரைக்கு அவர் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கைவசம் எதுவும் இல்லாமல், “இந்த வீட்ல நான் ஒருத்தி கத்தலேன்னா ஒரு வேலை நடக்குதா?” என்று ஆரம்பித்தாள்.

அவர் தலை நிமிரவில்லை. சாதாரணமாகச் சொன்னார்: “கத்தறதுக்காகச் சொல்லல. கொஞ்ச நாளா உன் குரல் ஒரு மாதிரி இருக்கு. பழைய குரலாவே இல்ல. கொஞ்சம் கொறச்சுப் பேசேன்.”

மைக்கக்காவுக்குள் ஏதோ ஒன்று பட்டென்று அறுந்தது.

“ஒரு மாதிரின்னா? எந்த மாதிரி? இத்தன வருஷம் கேட்டாச்சு, இப்ப புளிச்சுப்போச்சா? இனிமே நீங்க இதக் கேக்கவே வேணாம்! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த உங்ககூடப் பேசினா என்னை ஏன்னு கேளுங்க!”

கதவு அடித்த அடியில் காலண்டர் கீழே விழுந்தது. தெருமுனை வரை வந்த பிறகுதான், திட்டம் பிரமாதமாக நிறைவேறிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. போலிக்கு வைத்திருந்த இடத்தில் அசல் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கூட வந்தவருக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘நோயாளிக்கு என்ன உறவு’ என்ற இடத்தில் டைம்கீப்பர் ‘டைம்கீப்பர்’ என்று எழுதினாள்.

“உறவு கேட்டிருக்கும்மா” என்றார் எழுத்தர்.

டைம்கீப்பர் யோசித்து, அதை அடித்துவிட்டு, ‘பதினாறு வருஷம்’ என்று எழுதினாள். எழுத்தர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஆபரேஷன் அறையில், பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். எண்ண ஆரம்பிக்கும் முன் அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. குரல் திரும்பி வராமல் போனால், அந்தக் குரலில் அவர் கடைசியாகக் கேட்டது கதவோரத்துச் சத்தமாக இருக்கும். இருபத்தேழு வருஷத்தில் எவ்வளவோ நல்லதாகப் பேசியிருக்கிறாள். அதெல்லாம் கணக்கில் வராது. பத்து, ஒன்பது, எட்டு என்று நடைமேடை எண்களைப் போல நிதானமாக, தெளிவாக அறிவித்தாள். ஆறாவது நடைமேடைக்கு வண்டி வந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோபக்காரி படுப்பதைப் போலச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலண்டர் மறுபடி ஆணியில் தொங்கியது. மறுநாள் வேலைக்குப் போனாள். டாக்டர் அனுமதித்திருந்தார்: ‘வாயைத் தவிர மத்த எல்லாத்தையும் வேலைக்குக் கொண்டு போகலாம்.’ கால் மணிக்கு ஒரு தடவை ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கண்ணாடி அறையில் உட்கார்ந்து பொத்தான்களை அழுத்தினாள். அவள் குரல் தலைக்கு மேலே நடைமேடை நடைமேடையாகப் போய்வந்தது. நடுநடுவே டைம்கீப்பர், “துறைமுகம் வண்டி லேட்டு. காரணம் தெரியாது” என்று சொல்லி ஜனங்களைப் பீதியில் ஆழ்த்தினாள்.

கண்ணாடிக்காரர் கோபத்தின் காரணத்தைத் தேட ஆரம்பித்தார். குரலைப் பற்றிச் சொன்னதற்காக ஒருத்தி ஒரு நாள் பேசாமல் இருக்கலாம். இரண்டாம் நாளும் பேசவில்லை என்றால் விஷயம் வேறு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தன்னுடைய ஏதோ ஒரு பழைய தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். எது என்றுதான் தெரியவில்லை. லென்ஸைச் சரிபார்க்கிற அதே முறையில், வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் காட்டத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீயை அவள் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: “அந்தப் பூப்போட்ட பீங்கான் ஜாடி. காத்துல விழுந்துச்சுன்னு சொன்னேன்ல? காத்து இல்ல. நாந்தான்.”

ஒன்பது வருஷமாக அவள் அந்த ஜன்னலைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்தாள். ஆளை வரவழைத்து இரண்டு கொக்கிகள்கூடப் போட்டிருந்தாள். கொக்கிகளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அது இல்லை போலிருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார்.

சனிக்கிழமை: “ஹாலுக்கு அடிச்ச பச்சை. நல்லா இருக்குன்னு சொன்னேனே. புடிக்கல. பதினோரு வருஷமா கண்ணத் தாழ்த்தி வச்சுட்டுத்தான் பேப்பர் படிக்கறேன்.”

மைக்கக்காவுக்கு வாய் துறுதுறுத்தது. அந்தப் பச்சை அவளுக்கும் பிடிக்காது. கடைக்காரன் டப்பாவை மாற்றிக் கொடுத்துவிட்டான். அடித்த அன்றைக்கே மாற்றியிருப்பாள். இவருக்குப் பிடித்துவிட்டதே என்றுதான் பதினோரு வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருந்தாள். பதிலை நாக்கில் வைத்தபடி இன்னொரு வாய் தண்ணீர் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு ஊரிலிருந்து மகள் போன் செய்தாள். “அப்பா, என்னதான் பண்ணித் தொலைச்சீங்க?” என்று அவள் கேட்பதும், “அதத்தாம்மா நானும் தேடிட்டிருக்கேன்” என்று அவர் பரிதாபமாகச் சொல்வதும் சமையலறை வரை கேட்டது. மத்தியானம் சமாதானம் பேச நாத்தனார் வந்து இறங்கினாள். வந்தவள் இரண்டு மணி நேரம் பேசினாள். தன் மாமியார், தன் முழங்கால், மாடிவீட்டுக்காரி, மறுபடி முழங்கால். மைக்கக்கா தலையசைத்தாள், புருவத்தைத் தூக்கினாள், ஒரு இடத்தில் கையைப் பிடித்து அழுத்தினாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணா, அண்ணிக்கு உன்மேல மட்டுந்தான் கோபம். எங்கிட்ட இன்னிக்கு மனசு விட்டுப் பேசினாங்க” என்று வாசலில் அவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. கண்ணாடிக்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். முக்கியமான விஷயம் என்றால் எதிராளியின் முகம் தெளிவாகத் தெரியாமல் இருப்பது அவருக்கு வசதி.

“சரி. இதுவாத்தான் இருக்கும். உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியல. நாலு வருஷம் முன்னாடி புது மெஷின் பயிற்சின்னு மூணு நாள் வெளியூர் போனேன்ல? அது பயிற்சி இல்ல. நான் ஊரைவிட்டே போகல. ஆபரேஷன்.”

மைக்கக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மூலம்” என்றார் அவர், மேஜையைப் பார்த்து.

அவள் கண்முன் ஒரு தலையணை வந்து நின்றது. நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணை. ‘முதுகுக்கு நல்லதுன்னு கடையில எல்லாருக்கும் குடுத்தாங்க’ என்று சொல்லி மாதக்கணக்கில் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வேலைக்கு எடுத்துப்போனார். முதலாளி எவ்வளவு நல்லவர் என்று அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள். நாத்தனாருக்கு முதுகு வலித்தபோது ஒரு வாரம் இரவல்கூடக் கொடுத்தாள். நாத்தனார் ரொம்பச் சுகமாக இருந்தது என்று சொன்னாள்.

அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி வந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. சின்னச் சிரிப்பு இல்லை, முழங்கி வருவது. புன்னகையோடு நிறுத்துகிற ரகமே இல்லை.

“ஏன் சொல்லலன்னு கேப்பே. தம்பிக்கு நடந்ததப் பாத்தேன்ல? நீ அன்பாத்தான் சொல்லுவே. எனக்குத் தெரியும். ஆனா இருபத்திரண்டு பேரு வந்து சுத்தி நின்னு, அதுல மூணு பேரு காட்டுங்கன்னு கேட்டா, நான் எதக் காட்டுவேன்?”

அவள் எழுந்து குளியலறைக்கு ஓடினாள். கதவைச் சாத்தவும் நேரமில்லை. துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்தாள். தோள்கள் குலுங்கின. கண்ணீர் கொட்டியது. தொண்டையிலிருந்து மட்டும் ஒரு சின்னச் சத்தம்கூட வெளியே வரவில்லை, அத்தனை பாடுபட்டாள். ஒரு கட்டத்தில் சிரிப்பு தீர்ந்து, அவர் சொன்ன ஒரு வாக்கியம் மிஞ்சியது. ‘நீ அன்பாத்தான் சொல்லுவே.’ எந்தக் காரணத்துக்காக அவள் தன் தொண்டையை மறைத்தாளோ, அதே காரணத்துக்காக அவர் மறைத்திருக்கிறார். மறைத்தது அவளிடமிருந்து. மூன்று நாள் ஒரு கட்டிலில் தனியாகப் படுத்திருந்து, கூட ஒரு டைம்கீப்பர்கூட இல்லாமல் வீட்டுக்கு வந்து, பயிற்சி நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கிறார். தோள்கள் இன்னும் குலுங்கின. இப்போது அது சிரிப்பு இல்லை.

வாசலில் நின்ற கண்ணாடிக்காரருக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. “அழாதேம்மா” என்றார். “இப்ப சரியாயிடுச்சு. நல்லாத்தான் உக்காரறேன்.” துண்டு இரண்டாம் முறை தேவைப்பட்டது.

மறுநாள் ஒரு மணி சுமாருக்கு, முதல் நடைமேடைப் பெஞ்சில் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். கடை இங்கிருந்து கால் மணி நேர நடை. எதற்கு வந்திருக்கிறார்? டைம்கீப்பரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

“தெனமும் வர்றாரு, ஞாயிறு தவிர. வெள்ளிக்கிழமையில இருந்து” என்றாள் டைம்கீப்பர். “ஒண்ணு அஞ்சுல இருந்து ஒண்ணு நாப்பது. தூணுக்குப் பின்னாடி உக்காருவாரு. இன்னிக்கு அந்தப் பெஞ்சுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்கு.”

புருவம் இறங்கவில்லை.

“கேட்டேன். குரல் கேக்க வந்தேன்னாரு. வீட்ல கெடைக்கலையாம்.”

டைம்கீப்பர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. மைக்கக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பொத்தானை அழுத்தினாள். மேலே அவள் குரல், சுற்றுச்சாலை வழியாக மேம்பாலம் செல்லும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படும் என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் டப்பாவைத் திறக்காமல், தலையை லேசாகச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கை தானாகப் பாட்டிலை எடுத்தது. கால் மணிக்கு ஒரு வாய். அந்த நேரம் பார்த்து அவர் கண்ணைத் திறந்தார்.

கண்ணாடிக்குள் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கூரையில் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் ஒலிபெருக்கியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி ஒலிபெருக்கியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். தன் தொழிலில் கோளாறு எதுவும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகு எழுந்து வந்து, பயணிகள் விசாரிப்பதற்காகக் கண்ணாடியில் விட்டிருந்த ஓட்டையருகே குனிந்தார்.

“தண்ணி குடிக்கறே” என்றார். பிறகு, “பேசிக்கிட்டே குடிக்கறே.”

அவள் ஒரு தாளை இழுத்து எழுதினாள். ‘தொண்டையில் ஆபரேஷன். வியாழன் காலை. நாளை வரை பேசக் கூடாது. பேசினால் குரல் போய்விடும்.’

அவர் வெகுநேரம் படித்தார். நாலு வரிதான்.

“அப்ப கோபம் இல்லையா?”

‘முதல் நாள் இருந்தது.’

“ஜாடியில்ல, பச்சையில்ல, எதுவுமே இல்லையா?”

இல்லை என்று தலையாட்டினாள். அவர் முகம் மெல்ல மாறியது.

“நான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே!”

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஓட்டைக்கு இன்னும் கிட்ட வந்து, தாழ்ந்த குரலில், “ஊருக்குச் சொல்ல வேணாம். எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?” என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். அதற்குள் சின்னதாக இன்னொரு வட்டம். தாளைத் திருப்பிக் காட்டினாள்.

கண்ணாடிக்காரரின் காது வரை சிவந்தது. “சரி, சரி. கேக்கல” என்றார். அவளைப் பார்த்துப் பதறினார். “சிரிக்காதே! சத்தம் வந்துடப்போவுது. இங்க பாரு, தண்ணி குடி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே. சிரிக்காதேன்னு சொல்றேன்ல!”

வியாழக்கிழமை டாக்டரிடம் இருவரும் போனார்கள். குழாய் உள்ளே போய் வந்தது. “புண்ணு நல்லா ஆறியிருக்கு. ஏதாவது சொல்லுங்க. மெதுவா, ஒரே ஒரு வாக்கியம்” என்றார் டாக்டர்.

மைக்கக்காவிடம் ஏழு நாள் பதில்கள் தேங்கிக் கிடந்தன. எதை எடுப்பது என்று ஒரு கணம் தடுமாறினாள். வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. கண்ணாடிக்காரர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“அந்தப் பச்சை எனக்கும் புடிக்கல.”

மெல்லிசாகத்தான் வந்தது, நடக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தை மாதிரி. ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. கரகரப்பு இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். டாக்டர் யார் முகத்தையும் பார்க்காமல், ‘குரல் தெளிவு’ என்று குறித்துக்கொண்டார்.

ஏழு நாள் கோபத்துக்குக் குடும்பத்தில் ஒரு விளக்கம் தேவைப்பட்டது. “அப்படி என்னதான் பண்ணினே?” என்று தங்கை கேட்டாள், தம்பி கேட்டான், மகள் மறுபடி கேட்டாள். “என் தப்புத்தான்” என்பதற்கு மேல் கண்ணாடிக்காரர் ஒரு சொல் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாதவரின் மௌனத்தை எல்லோரும் நம்பினார்கள். தப்பு வாராவாரம் வளர்ந்தது. இவ்வளவு சாதுவான மனிதர் இப்படிச் செய்வாரா என்று நாத்தனார் பெருமூச்சு விட்டாள். எப்படி என்பது அவளுக்கும் தெரியாது. மைக்கக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் ஒன்றுக்கு இரண்டு ஆபரேஷன். வாழ்நாளில் அதற்கு ஈடான செய்தி அவளுக்குக் கிடைத்ததில்லை. வரும் தும்மலை அடக்குவதுபோல அதை அடக்கிக்கொண்டாள். கொழுந்தனிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றும் யோசித்தாள். கேட்டால் மறுபடி அந்தக் கதையை எடுத்ததாகிவிடும். பேசாமல் இருந்தாள். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டபோது ஜன்னலைப் பார்த்தாள்.

ஒரு மாதம் கழித்து இயந்திரம் பீரோவுக்குத் திரும்பிப் போனது. அவள் மைக்குக்குத் திரும்பி வந்தாள். முதல் நாள் ஒரு மணிக்கு அவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இந்த முறை தூணுக்கு இந்தப் பக்கம். துறைமுகம் வண்டி ரத்து என்று சொன்னாள். ஜனங்கள் ஆறுதலாகத் தண்ணீர் குடித்தார்கள். பிறகு, மைக்கை அணைக்காமல், அதே நிதானமான குரலில் சொன்னாள்:

“பயணிகள் கவனத்திற்கு. நடுவில் துளை உள்ள வட்டத் தலையணை ஒன்று நிலையத்தில் கிடைத்துள்ளது. உரியவர் அறிவிப்பாளர் அறைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். காரணம் எதுவும் கேட்கப்படாது.”

கண்ணாடிக்காரர் டப்பாவை மூடிவிட்டார். முதலில் இடது பக்கம் பார்த்தார், பிறகு வலது பக்கம். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணாடி அறையை அவர் முறைக்க முயன்றார். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. அன்று காலைதான் பரணிலிருந்து இறக்கித் தட்டித் துடைத்துக் கொண்டுவந்திருந்த தலையணை அவள் மேஜைக்கு அடியில் இருந்தது.

சாயங்காலத்துக்குள் அதைக் கேட்டு மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் தங்களுக்கு இல்லை, ஒரு நண்பருக்கு என்று சொன்னார்கள். மைக்கக்கா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மூவரில் யாருக்கு நிற்பதே சிரமமாக இருந்ததோ அவரிடம் தலையணையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கண்டெடுத்த பொருள் பதிவேட்டில், பெற்றுக்கொண்டவர் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டாள்.